உபகாரசாமியின் வெற்று உருண்டைகள்

இந்த உலகத்தில் இதுவரை பறந்ததெல்லாம் பறத்தலே அல்ல. காக்கை பறப்பது பாவனை, விமானம் பறப்பது பிடிவாதம். பறப்பதன் உண்மையான சூட்சுமம் தெரிந்த ஒரே ஆத்மா சேலத்துக்குக் கிழக்கே, ஆத்தூர் சாலையில், அயோத்தியாப்பட்டணத்தில் கைலி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ராக்கெட் விடுகிறவர்கள் ஒரு நடை வந்து அவரைக் கேட்டிருந்தால் இத்தனை நெருப்பும் புகையும் மிச்சமாகியிருக்கும். அவர் மட்டும் மனது வைத்திருந்தால் சேர்வராயன் மலைக்கு நான்கு மூலையிலும் உருண்டை கட்டித் தூக்கி, நாமக்கல்காரர்களுக்கு மத்தியான வெயில் படாதபடி கொஞ்சம் நகர்த்தி வைத்திருப்பார்.

அந்த மகானின் பெயர் உபகாரசாமி. வயது ஐம்பத்தெட்டு. டேங்கர் லாரி பட்டறையில் வெல்டர். தரையை விட்டு அவர் அதிகபட்சம் மேலே போனது டேங்கரின் ஏணி உச்சி வரைக்கும். அதிலிருந்தும் ஒருமுறை விழுந்ததில் இடது தோள் இன்னும் மழைக்காலத்தில் பேசும். முப்பது வருடம் நெருப்பைப் பார்த்த கண்கள் என்பதால் கிட்டத்தில் இருப்பது தெரியாது, எட்டத்தில் இருப்பது கலங்கலாகத் தெரியும். ஞாயிறு பூசை தவறாது. மனைவி இன்பமேரி, கட்டிக்கொடுத்த ஒரு மகள், ஓட்டு வீடு, அதன் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு கொட்டகை. இவ்வளவுதான் மனிதர்.

அவருடைய தங்கை மகன் ஜெரின் என்று ஒருவன். வயது பதினேழு. பத்தாம் வகுப்போடு படிப்புக்கு விடைகொடுத்துவிட்டு, ஊரில் யாருடைய செருப்பை யாருடைய வாசலில் மாற்றி வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பவன். இதை எழுதுகிறவனும் அவன்தான். 'நான்' என்று எழுதினால் பொய் தானாக வந்து விழுகிறது. ஆகவே அவன் பெயரே இருந்துவிட்டுப் போகட்டும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மே மாத மத்தியானத்திலிருந்து தொடங்க வேண்டும். பாமாயில் ஏற்றுகிற டேங்கர் ஒன்று பட்டறைக்கு வந்திருந்தது. உள்ளே எண்ணெய் உறைந்து வெண்ணெய் மாதிரி அப்பியிருக்கும். அதைக் கரைக்கக் கொதிநீராவியை உள்ளே விட்டுக் கழுவுவார்கள். கழுவி முடித்ததும் அடி வால்வை மூடிவிட்டு மேல் மூடியைத் திறந்து வைத்து ஆறவிடுவது வழக்கம். அன்றைக்கு உபகாரசாமி அப்படித்தான் ஆறவிட்டிருந்தார். ஆனால் திடீரென்று வானம் இருண்டு கோடை மழை இறங்கியது, ஆலங்கட்டியோடு.

எண்ணெய் டேங்கருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் லோடு ஏற்றுகிற இடத்தில் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் உபகாரசாமி மழையில் நனைந்துகொண்டே ஏணியில் ஓடி ஏறி மூடியைச் சாத்தி, நாலு திருகையும் முறுக்கிவிட்டு இறங்கினார். யாரும் சொல்லாமலே செய்த பொறுப்பான வேலை. செய்துவிட்டு மற்றவர்களோடு சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் போய் ஒதுங்கினார்.

மழை விட்டுத் திரும்பி வந்தபோது டேங்கர் உதைபட்ட பிஸ்கட் டின் மாதிரி இடுப்பில் ஒடுங்கிக் கிடந்தது. இரும்பு கிழியவில்லை, உள்ளுக்குள் மடிந்திருந்தது. வண்டியின் டிரைவர் சின்னுசாமி மேச்சேரிக்காரர். அவர் கேபினில் படுத்திருந்தார். படார் என்று ஒரு சத்தம் கேட்டது, வண்டி குலுங்கியது, இறங்கிப் பார்த்தால் இப்படி, யாரும் இடிக்கவில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பட்டறை முதலாளி அருணகிரி டேங்கரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். யாரும் இடிக்காமல் இரும்பு எப்படி ஒடுங்கும்? ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தண்ணியடித்துவிட்டு வண்டியை ரிவர்ஸ் எடுத்து எதிலோ மோதி, பழைய இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான் என்று அவர் முடிவு கட்டினார். மோதின தடம் எங்கேயும் இல்லை. அதை மழை கழுவிவிட்டது என்றார்கள்.

சின்னுசாமியும் உபகாரசாமியும் அன்றுவரை ஒரே டிபன் டப்பாவில் கை போடுகிறவர்கள். கிறிஸ்துமஸ் என்றால் சின்னுசாமி குடும்பத்தோடு இங்கே, ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகை என்றால் உபகாரசாமி குடும்பத்தோடு அங்கே. சின்னுசாமி குடிக்கமாட்டார் என்பது உபகாரசாமிக்குத் தெரியும். அன்றைக்கு எல்லோரும் அவரைச் சுற்றி நின்றபோது சின்னுசாமி இவர் முகத்தைத்தான் பார்த்தார். இவருக்கும் காரணம் புரியவில்லை. புரியாத விஷயத்தில் என்னத்தைச் சொல்வது என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான் அவர் செய்தது.

சங்கதி லாரிக்காரர்கள் மத்தியில் சங்ககிரி வரைக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு சின்னுசாமிக்கு யாரும் ஸ்டியரிங் கொடுக்கவில்லை. அவர் மேச்சேரிக்கே போய் ஆடு வளர்க்க ஆரம்பித்தார்.

ஆறு வருடம் கழித்து ஒரு நாள், டேங்கருக்குப் பெயிண்ட் அடிப்பதற்காக உபகாரசாமி கண்ணாடிகளில் பழைய தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தாள்களில் ஒன்றில் படம் போட்டிருந்தது. ஒரு படகு, நடுவில் பாய்மரம், நான்கு மூலையிலும் கயிற்றில் கட்டின நான்கு பெரிய உருண்டைகள். படகு மேகத்தில் நின்றது. ஏதோ பழைய அறிவியல் பத்திரிகையின் பக்கம். பசை தடவின கையோடு அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் இத்தாலியில் ஒரு சேசு சபைச் சாமியார் போட்ட கணக்கு அது. காற்றுக்கும் எடை உண்டு. மெல்லிய செப்புத் தகட்டில் பெரிய உருண்டை செய்து உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் எடுத்துவிட்டால், உருண்டை தான் அடைத்திருக்கும் இடத்துக் காற்றைவிட லேசாகிவிடும். லேசானது மேலே போகும். தண்ணீரில் தக்கை போவது மாதிரி. அப்படி நான்கு உருண்டை இருந்தால் படகையும் ஆட்களையும் தூக்கிவிடும். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர் என்பதால் செய்து பார்க்க அவரிடம் காசில்லை. அதோடு, இப்படி ஒரு கப்பல் வந்தால் மேலேயிருந்து ஊர்கள்மேல் நெருப்பைப் போடுவார்கள், ஆண்டவர் இதை அனுமதிக்கமாட்டார் என்றும் அவரே எழுதிவைத்துவிட்டார்.

இதுவரைக்கும் உபகாரசாமி சந்தோஷமாகத்தான் படித்தார். நம்ம சாமியார் ஒருத்தர் இப்படியெல்லாம் யோசித்திருக்கிறாரே என்று. கடைசி வரியில் அந்தச் சந்தோஷம் நின்றது. இந்த உருண்டை பறக்கவே முடியாது என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்களாம். உள்ளே காற்றில்லாமல் போனால் வெளியே இருக்கும் காற்று அதை அந்த இடத்திலேயே நசுக்கிவிடும்.

அவர் தாளைக் கீழே வைக்கவில்லை. கொதிநீராவி நிறைந்த டேங்கர். நீராவி இருந்த இடத்தில் காற்றில்லை. ஆலங்கட்டி மழை மேலே விழுந்து நீராவி தண்ணீராக ஒடுங்கினால் உள்ளே ஒன்றுமே இல்லை. மூடி திறந்திருந்தால் காற்று உள்ளே போயிருக்கும். மூடியைச் சாத்தியது யார்?

அன்று அவர் சாப்பிடவில்லை. அந்த வாரமே பங்குக் கோயிலில் போய்ச் சாமியாரிடம் குற்றத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். பங்குச் சாமியார் பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னார். அதோடு இன்னும் இரண்டு சொன்னார்: அந்த மனிதரிடம் போய்ச் சொல்லுங்கள், அவர் பேர் எந்த இடத்தில் கெட்டதோ அந்த இடத்திலும் சொல்லுங்கள்.

மூன்று மரியேயை அன்றே சொல்லி முடித்தார். இரண்டாவதையும் சிரமப்பட்டுச் செய்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ் ஏறி மேச்சேரிக்குப் போனார். சின்னுசாமி ஆடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "வாங்க, என்னுங்க சோலி?" என்றார். ஒரே டப்பாவில் தின்ற மனிதர் வாயிலிருந்து இப்படியொரு மரியாதை. உபகாரசாமி தாளை நீட்டி, நடந்ததைச் சொன்னார். சின்னுசாமி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காத்து நசுக்கிப்போட்டுதுங்கறீங்க."

"ஆமாப்பா."

"ஆறு வருசமா நான் குடிகாரன். இப்ப காத்து குடிகாரனாயிருச்சு." அவர் படத்தில் விரலை வைத்தார். "இந்தச் சாமியாரு பறந்தாருங்களா?"

"இல்ல."

"அப்ப நீங்க பறக்க உட்டுக் காட்டுங்க. ஒண்ணுமில்லாத உருண்டை ஒண்ணு மேல போகட்டும். அன்னைக்கு ஒண்ணுமில்லாததுக்கு அத்தன சத்தி இருக்குதுன்னு நானும் நம்பறேன், ஊருக்குள்ள சொல்லவும் செய்யறேன்."

கோபத்தில் சொன்ன வார்த்தை. வேறு யாராக இருந்தாலும் அதைக் கோபமாகவே எடுத்துக்கொண்டிருப்பார்கள். உபகாரசாமி அதை வேலையாக எடுத்துக்கொண்டார். மூன்றாவது கடமை, பட்டறையில் அருணகிரிக்கும் மற்றவர்களுக்கும் முன்னால் நின்று சொல்ல வேண்டியது, அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. உருண்டை பறக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஆறு வருடத்தில் ஆறு உருண்டை. செவ்வாய்ப்பேட்டையில் செப்புக் குடம் அடிப்பவரிடம் இரண்டு அரைவட்டச் சட்டி அடித்து வாங்கி வந்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைப்பார். பழைய ஃபிரிட்ஜிலிருந்து கழற்றின கம்ப்ரசரைத் திருப்பி மாட்டிக் காற்றை உறிஞ்சுவார். முதல் உருண்டை அரை மில்லிமீட்டர் தகடு. பம்ப் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் 'டப்' என்று உள்ளே மடிந்தது. கையில் கொய்யாப்பழத்தைப் பிதுக்கினது மாதிரி இருந்தது. அந்தச் சத்தத்துக்கு இன்பமேரி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். கணவர் நசுங்கின உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். டேங்கருக்கு நடந்ததும் இதுதான் என்று இன்பமேரிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தக் கொட்டகையைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. பட்டறையிலிருந்து வந்து "ஏனுங்க, ஏரோப்ளேன் எப்ப கிளம்புது?" என்று கேட்டவர்களுக்கு, டிக்கெட் எடுத்துட்டு நில்லுங்க என்று இன்பமேரியே பதில் சொல்லி அனுப்பினார்.

இரண்டாவதற்கு ஒரு மில்லிமீட்டர் தகடு. அது நசுங்கவில்லை, பறக்கவும் இல்லை. நாலரைக் கிலோ கனத்தது. மளிகைக்கடைத் தராசைக் கடன் வாங்கி வந்து, காற்றோடு ஒருமுறை, காற்றை எடுத்து ஒருமுறை நிறுத்தார். நாற்பது கிராம் குறைந்தது. ஒரு எலுமிச்சம்பழத்து எடை. ஒரு பிரயோஜனமும் இல்லாத அந்த நாற்பது கிராமை அவர் இன்பமேரிக்குக் காட்டினார், மகளுக்குப் போனில் சொன்னார், ஜெரினைத் தராசுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து மூன்று முறை நிறுத்துக் காட்டினார். தகட்டை மெலியவைத்தால் நசுங்குகிறது, தடிமனாக்கினால் கிளம்ப மறுக்கிறது. இடையில் ஒரு கனம் இருந்தாக வேண்டும் என்று அவர் மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று தேடினார். அப்படி ஒரு கனம் இல்லை. ஆறாவது நசுங்கின அன்று, தொட்டியில் முகம் கழுவியவர் துடைக்க மறந்து அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

ஜெரின் அதைப் பார்த்தான். செருப்பு மாற்றி வைக்கிறவனுக்கு அதையெல்லாம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அடுத்த உருண்டை மேலே போய்விட்டால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

ஏழாவதற்கு உபகாரசாமி காகிதம் போன்ற தகட்டை எடுத்து, நசுங்காமல் இருக்க உள்ளே சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் கட்டினார். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பம்பைப் போட்டுவிட்டுக் காபி குடிக்க உள்ளே போனார். திரும்பி வந்தபோது பம்பின் குழாய் தரையில் கிடந்தது. உருண்டை கொட்டகையின் கூரையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. செப்பு நிறத்தில், நடுவில் பற்றவைத்த கோட்டோடு, மெதுவாகத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு.

ஜெரின்தான் கூப்பாடு போட்டான். "மாமா, போயிருச்சு மாமா!"

இன்பமேரி வந்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். உபகாரசாமி வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு முக்காலியில் ஏறி, உருண்டையின் அடிவயிற்றை இரண்டு விரலால் தொட்டார். தொட்ட கையை எடுக்காமல் கொஞ்சம் நின்றார். இறங்கினார். கையைக் கழுவினார்.

"மாப்ள, சின்னுசாமிக்குப் போனைப் போடு. நாளைக்கழிச்சுத் திங்கக்கிழமை பத்து மணிக்குப் பட்டறைக்கு வரச் சொல்லு. உருண்டை மேல நிக்குதுன்னு சொல்லு."

திங்கட்கிழமை சின்னுசாமி வந்தார். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கிறார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. நுழைகிற இடத்தில் கால் கொஞ்சம் தயங்கியது. அருணகிரி நாற்காலியிலிருந்து எழுந்தார், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் நின்றார். உபகாரசாமி கிரைண்டரை நிறுத்தச் சொன்னார். இருந்த எட்டுப் பேரையும் பக்கத்தில் கூப்பிட்டார்.

உருண்டையைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கூடப்போன ஜெரினும் அப்படித்தான் நினைத்தான்.

"அன்னைக்கு அந்த டேங்கர் மூடியச் சாத்தினது நான்," என்றார் உபகாரசாமி. "நாலு திருகும் நான்தான் முறுக்கினேன். உள்ள நீராவி இருந்துச்சு, மழையில ஆறி ஒடுங்கிருச்சு, வெளிக்காத்து நசுக்கிருச்சு. சின்னுசாமி வண்டிய எடுக்கவே இல்ல. இது எனக்குத் தெரிஞ்சு ஆறு வருசமாச்சு. ஆறு வருசமா இங்கதான் நின்னு வேலை செஞ்சேன். சொல்லல."

நெடுஞ்சாலையில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மூத்த ஃபிட்டர் ஒருவர், அது நடக்கும்தான், ஆந்திரா பக்கம் ஒரு பால் வண்டி அப்படி மடிந்ததாகத் தானும் கேட்டிருப்பதாகத் தரையைப் பார்த்துக்கொண்டு முனகினார். அருணகிரி சின்னுசாமிக்கு எதிரில் வந்து நின்றார். அவர் பெரிய மனிதர், மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர். தன் நாற்காலியை இழுத்துவந்து போட்டு, உட்காருங்க என்றார்.

சின்னுசாமி உட்காரவில்லை. வேட்டி நுனியை எடுத்துக் கண்ணோரம் வைத்துக்கொண்டார். பிறகு உபகாரசாமியைப் பார்த்தார்.

"ஆறு வருசம் முந்தி இங்க இதச் சொல்லியிருந்தா வண்டியில ஏறியிருப்பன். இப்பக் கண்ணுந் தெரியறதில்ல." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பரவால்ல. ஆடு யாரையும் குடிகாரன்னு சொல்றதில்ல. செரி, எங்கியப்பா உன்ற உருண்டை?" என்றார்.

கொட்டகைக்கு வந்தார்கள். இரண்டு நாளில் உருண்டை கூரையிலிருந்து ஒரு முழம் இறங்கியிருந்தது. ஆனாலும் அந்தரத்தில்தான் நின்றது. சின்னுசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்கிற மாதிரி நின்று பார்த்தார். நெசமாலுமே நிக்குதே என்றார். ஜெரின் வாசலுக்குப் பக்கமாக நகர்ந்தான்.

உபகாரசாமி கையை நீட்டி உருண்டையை இழுத்தார். "இதுல நம்பறதுக்கு ஒண்ணுமில்லப்பா. இது பறக்கல."

"முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"தொட்டப்பவே தெரியும். அமுங்குச்சு. செம்பு அமுங்குமா?"

"அப்பறம் எதுக்கு என்னைக் கூப்புட்ட?"

"நெசமான உருண்டை எந்தக் காலத்துலயும் போகாதுன்னு எனக்கு ரெண்டு மூணு வருசமாத் தெரியும். அது போனாத்தான் பட்டறையில சொல்லுவேன்னு வச்சுக்கிட்டிருந்தேன். அன்னைக்கு முக்காலியில நின்னப்ப வெக்கமாப் போச்சு. பாக்கற பய பொறுக்க முடியாம பொய்யைப் பறக்க விடற அளவுக்கு வந்துட்டமேன்னு."

சொல்லிக்கொண்டே சட்டைப் பையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்தார். அடியில் ஒட்டியிருந்த பசைத்தாளின்மேல் குத்தினார். செப்பு நிறப் பளபளப்புத் தாளுக்குள்ளிருந்து மெல்லிய காற்று சீறி வந்தது. உருண்டையை அப்படியே திருப்பி, வாசலில் ஒரு காலை வெளியே வைத்துவிட்டிருந்த ஜெரினின் கன்னத்துக்கு நேராகப் பிடித்தார்.

"காத்த எடுத்த உருண்டைன்னா உள்ள இழுக்கணும் மாப்ள. இது ஊதுது. பொறந்தநாள் பலூனுக்குக் கேஸ் அடிக்கிறவன் கடையில வாங்கினயா? வெல்டிங் கோடு மட்டும் நல்லா வரைஞ்சிருக்க. என் ஏழாவது உருண்டைய எந்தக் கோணிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்க, போய் எடுத்துட்டு வா."